சிறிய சரக்குக் கப்பல்களும் அளவுகோலின் ஆட்சியும்

கடல்வழி வர்த்தகம் பற்றிப் பேசப்படும்போதெல்லாம் இருபதாயிரம் கொள்கலன்களைச் சுமந்து செல்லும் இராட்சதக் கப்பல்களே எமது கவனத்தை ஈர்க்கின்றன. ஆயினும் அவை ஆழமான பெருந்துறைமுகங்களுக்கு இடையில் மட்டுமே ஓடக்கூடியவை. அங்கிருந்து பொருட்களை ஆழம் குறைந்த துறைமுகங்களுக்கும் ஆற்றுமுகங்களுக்கும் தீவுகளுக்கும் கொண்டு சேர்ப்பவை எழுபது மீற்றரிலிருந்து நூற்றுமுப்பது மீற்றர் வரையான நீளமுடைய சிறிய சரக்குக் கப்பல்களேயாகும். வட கடலிலும் பால்டிக் கடலிலும் ஜப்பானியக் கரையோரத்திலும் வங்காள விரிகுடாவிலும் இக்கப்பல்களே வர்த்தகத்தின் இறுதிக் கண்ணியாக விளங்குகின்றன.

பெரிய கப்பலில் சில கன மீற்றர் வீணாவதால் பெரும் நட்டம் ஏற்படுவதில்லை. சிறிய கப்பலின் நிலை அதுவன்று. அதன் உடலுக்குள் அடங்கும் இடத்திற்கு மூன்று தரப்புகள் உரிமை கோருகின்றன. முதலாவது, கூலி ஈட்டித் தரும் சரக்கு. இரண்டாவது, புயலில் கப்பலை மிதக்க வைக்கும் பாதுகாப்பு. மூன்றாவது, அக்கப்பலில் மாதக்கணக்கில் உண்டு உறங்கி வாழும் மாலுமிகள். இம்மூன்றில் எதற்கு எவ்வளவு இடம் என்பதைக் கப்பலைக் கட்டும் பொறியியலாளரே தீர்மானிப்பதாகப் பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மையில் அதனைப் பெருமளவில் தீர்மானித்து வந்திருப்பது கப்பலை அளக்கும் விதியாகும். வரி அறவிடுவதற்காகவும் வகைப்படுத்துவதற்காகவும் உருவாக்கப்பட்ட அளவுகோல், கப்பலின் வடிவத்தையே ஆட்சி செய்யும் நிலைக்கு வந்தது எவ்வாறு, அந்த ஆட்சியில் அதிகம் இழப்பவர் யார் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

பீப்பாயில் தொடங்கிய கணக்கு

தொன் என்ற சொல் இன்று எடையைக் குறித்தாலும் கப்பல் உலகில் அது இடத்தின் அளவாகவே தோன்றியது. மத்திய காலத்தில் பிரான்ஸின் போர்தோவிலிருந்து இங்கிலாந்துக்குத் திராட்சை மது ஏற்றிச் சென்ற கப்பல்கள், தாம் சுமக்கக்கூடிய பெரும் பீப்பாய்களின் எண்ணிக்கையால் அளவிடப்பட்டன. அப்பீப்பாயின் பெயரே பின்னர் தொன் ஆயிற்று. பாரசீக வளைகுடாவின் அரபு மரக்கலங்களும் இவ்வாறே, பேரீச்சம்பழப் பொதிகள் எத்தனை கொள்ளும் என்ற கணக்கால் மதிக்கப்பட்டன. எந்தச் சரக்கு ஒரு கடலின் வாழ்வாதாரமோ அதுவே அக்கடலின் அளவுகோலாகவும் அமைந்தது.

அரசுகள் கப்பல்களிடம் வரி அறவிடத் தொடங்கியதும் பீப்பாய்களை எண்ணுவதற்குப் பதிலாகச் சூத்திரம் ஒன்று தேவைப்பட்டது. பிரித்தானியாவின் 1773 ஆம் ஆண்டுச் சட்டம் நீளத்தையும் அகலத்தையும் மாத்திரம் அளந்தது. ஆழம், அகலத்தின் அரைவாசி எனக் கொள்ளப்பட்டது. அளக்கப்படாத ஆழத்திற்கு வரியில்லை என்பதைக் கப்பல் உரிமையாளர்கள் விரைவிலேயே புரிந்துகொண்டனர். விளைவாக, ஒடுங்கியதும் அளவுக்கு மீறி ஆழமானதுமான கப்பல்கள் கட்டப்பட்டன. அவை மெதுவாகச் சென்றன. கொந்தளிக்கும் கடலில் நம்பத்தகாதவையாகவும் இருந்தன. வரிச் சட்டத்தின் குறைபாடு இவ்வாறு கப்பலின் உடலில் பதிந்தது.

இக்குறையை நீக்குவதற்காக ஜோர்ஜ் மூர்சம் என்பவர் வகுத்த முறையை 1854 ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டம் ஏற்றுக்கொண்டது. கப்பலின் உள்ளிடம் முழுவதும் அளக்கப்பட்டு, நூறு கன அடி ஒரு பதிவுத் தொன் எனக் கணிக்கப்பட்டது. உலகின் பல நாடுகள் இம்முறையைப் பின்பற்றின. ஆனால் இதிலும் விதிவிலக்குகள் பெருகின. நிரந்தரமாக மூடப்படாத இடம் கணக்கில் சேராது என்ற விதியைப் பயன்படுத்தி, மேல்தளத்தில் சிறிய திறப்பொன்றை விட்டு, அதனைத் தற்காலிகப் பலகைகளால் மூடி, அதன் கீழுள்ள முழுத் தளத்தையும் அளவிலிருந்து விலக்கிக்கொள்ளும் வழக்கம் பல தசாப்தங்கள் நிலவியது. அளவைக் குறைப்பதற்காகக் கப்பலின் உச்சியில் திட்டமிட்டு ஓர் ஓட்டையை வைத்துக் கட்டுவதைவிட இந்த ஆட்சிக்கு வேறு உதாரணம் தேவையில்லை எனலாம்.

1969 ஆம் ஆண்டுச் சமவாயம்

இந்நிலைக்கு முடிவுகட்டும் நோக்குடன் 1969 ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் கப்பல்களின் தொன்னளவு பற்றிய சர்வதேசச் சமவாயம் நிறைவேற்றப்பட்டது. அது 1982 ஆம் ஆண்டு ஜூலை 18 ஆம் திகதி அமுலுக்கு வந்தது. பழைய கப்பல்களுக்கு 1994 ஆம் ஆண்டு ஜூலை வரை அவகாசம் வழங்கப்பட்டது. புதிய முறை எளிமையானது. கப்பலின் மூடிய இடங்கள் அனைத்தும் கன மீற்றரில் கூட்டப்பட்டு, கப்பலின் பருமனுக்கேற்ப மாறும் ஒரு குணகத்தால் பெருக்கப்படும். வருவது மொத்தத் தொன்னளவு. பலகையால் மூடிய திறப்புகளுக்கு இனி இடமில்லை. புதிய கணக்கில் பல சிறிய கப்பல்களின் அளவு இருமடங்குக்கு மேல் உயர்ந்தது.

நேர்மையான இவ்வளவுகோலிலும் ஓர் இடர் மறைந்திருந்தது. மூடிய இடம் என்றால் சரக்கறை மட்டுமன்று. மாலுமியின் படுக்கையறை, சமையலறை, குளியலறை, நோயாளியைக் கிடத்தும் அறை, கப்பலுக்கு மிதக்கும் வலுவைத் தரும் உயர்ந்த உடற்பகுதி ஆகிய யாவும் சரக்கறைக்குச் சமமாகவே கூட்டப்படுகின்றன. மறுபுறத்தில் திறந்த மேல்தளத்தில் அடுக்கப்படும் கொள்கலன்களுக்கு இக்கணக்கில் இடமேயில்லை. சரக்கறையின் அளவை முதன்மையாகக் கொள்ளும் நிகரத் தொன்னளவு என்ற இன்னொரு கணக்கும் சமவாயத்தில் உண்டு. ஆனால் பாதுகாப்பு விதிகளும் ஆளணி விதிகளும், பெருமளவிலான துறைமுகக் கட்டணங்களும் மொத்தத் தொன்னளவையே பற்றி நிற்கின்றன.

எல்லைக்கோட்டின் உட்புறம்

சர்வதேசக் கடல்சார் விதிகள் தொன்னளவின்படி படிகளாக அமைந்துள்ளன. சர்வதேசப் பயணத்தில் ஈடுபடும் சரக்குக் கப்பல்களுக்கான உயிர்ப்பாதுகாப்புச் சமவாயத்தின் பெரும்பகுதி 500 தொன்னளவில் தொடங்குகிறது. 3,000 தொன்னளவு அடுத்த முக்கிய எல்லை. அதனை எட்டிய கப்பலுக்கு இரண்டாவது ராடர் வேண்டும். பயணத் தரவுப் பதிவுக் கருவி வேண்டும். புதிய கப்பலாயின் மின்னணுக் கடல்வரைபடத் தொகுதி வேண்டும். கப்டனுக்கும் பிரதான அதிகாரிக்கும் உயர்தரச் சான்றிதழ் வேண்டும். ஒவ்வொன்றும் செலவாகும்.

ஆகவே கப்பல்கள் எல்லைக்கோட்டின் உட்புறம் நெருங்கி நிற்கும் வகையில் வடிவமைக்கப்படுவதில் வியப்பில்லை. பழைய முறையில் 499 தொன் என்பதே வட ஐரோப்பியக் கரையோரக் கப்பல்களின் பொதுவான அளவாக விளங்கியது. ஜேர்மானியர் இவற்றுக்குப் 'பரகிராபென்ஷிப்', அதாவது சட்டப்பிரிவுக் கப்பல் என்றே பெயரிட்டிருந்தனர். கடலின் தேவையால் அன்றிச் சட்டத்தின் ஒரு பிரிவால் உருப்பெற்ற கப்பல் என்பது அதன் பொருள். இன்று 2,999 என்ற எண் கப்பற் பதிவேடுகளில் அடிக்கடி காணப்படுகிறது. ஜப்பானின் உள்நாட்டுக் கப்பற்றுறையிலோ 199, 499, 749 ஆகிய எண்களே கப்பல் வகைகளின் பெயர்களாக வழங்குகின்றன. அங்கு 499 வகைக் கப்பல் ஒன்றை ஐந்தாறு பேரே இயக்குகின்றனர்.

நியம வடிவமைப்பின் நன்மையும் தீமையும்

எல்லைக்கோட்டுக்குள் அதிகபட்ச சரக்கை ஏற்றும் கலையே சிறிய கப்பலின் வடிவமைப்பாக வளர்ந்தது. வளைந்த பக்கங்களையும் நடுவில் தூண்களையும் கொண்ட பழைய சரக்கறை மறைந்து, பெட்டியைப் போன்ற நேரான சுவர்களுடைய ஒரே நீண்ட சரக்கறை தோன்றியது. அதன் வாயும் சரக்கறையின் அகலத்திற்கே திறக்கும். பாரந்தூக்கி மூலையிலுள்ள பொருளையும் நேராகவே எடுக்கலாம். நகர்த்தக்கூடிய தடுப்புச் சுவர்கள் சரக்கறையைத் தேவைக்கேற்பப் பிரிக்கின்றன. ஒரு பயணத்தில் தானியம், அடுத்ததில் மரம், அதற்கடுத்ததில் உருக்குச் சுருள்கள் என ஒரே கப்பல் பல வேலைகளைச் செய்கிறது. உருக்கு ஏற்றினால் இடம் நிரம்புமுன் எடை நிரம்பிவிடும். மரம் ஏற்றினால் எடை நிரம்புமுன் இடம் நிரம்பிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமநிலையைக் காண்பதே வடிவமைப்பாளரின் பணியாகும்.

கொள்கலனின் வருகை இப்பெட்டியின் அளவையும் நிர்ணயித்தது. கொள்கலன் ஒன்றின் அகலம் எட்டு அடி, அதாவது 2.44 மீற்றர். நான்கை அருகருகே வைக்க 9.75 மீற்றர் வேண்டும். இடைவெளிகளையும் சேர்த்தால் சரக்கறையின் அகலம் பத்து மீற்றரைத் தாண்ட வேண்டும். ஒன்பதரை மீற்றர் அகலத்தில் சரக்கறை அமைத்தவர் மூன்று கொள்கலன்களுடன் நின்றுவிட வேண்டியதுதான். எஞ்சிய இரண்டு மீற்றருக்கும் மேற்பட்ட அகலம் வீணே.

ஒரு நியமம் இன்னொரு நியமத்துடன் மோதுவதும் உண்டு. ஐரோப்பாவில் பொருட்களை அடுக்கப் பயன்படும் மரத்தட்டு 1.2 மீற்றர் நீளமும் 0.8 மீற்றர் அகலமும் கொண்டது. இரண்டை நீளவாக்கில் அருகருகே வைத்தால் 2.4 மீற்றர். கொள்கலனின் உள்ளகலமோ ஏறத்தாழ 2.35 மீற்றர். ஐந்து சென்ரிமீற்றர் குறைவதனால் இருபதடிக் கொள்கலன் ஒன்று பதினொரு தட்டுகளையே கொள்கிறது. தரைப்பரப்பில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு வெறுமையாகவே பயணிக்கிறது. இதற்காகவே ஐரோப்பியக் குறுந்தூரக் கடற்பாதைகளில், பாரவூர்தியைப் போலவே முப்பத்துமூன்று தட்டுகளைக் கொள்ளும் சற்று அகன்ற நாற்பத்தைந்தடிக் கொள்கலன்கள் பாவனைக்கு வந்தன.

ஒரு வடிவம் வெற்றி பெற்றதும் அதனை மீண்டும் மீண்டும் கட்டுவது இயல்பாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரே வரைபடத்தைக் கொண்டு அமெரிக்கா 2,710 லிபேர்ட்டிக் கப்பல்களைக் கட்டியது. சிறிய கப்பல்களைப் பொறுத்தவரை 1635 ஆம் ஆண்டு முதல் ஹம்பேர்க் நகரில் இயங்கி வந்த சீற்றாஸ் கப்பல் கட்டும் நிறுவனம் எண்ணிட்ட வகைகளைத் தொடராகக் கட்டிப் புகழ்பெற்றது. 868 இருபதடிக் கொள்கலன்களைக் கொள்ளும் அதன் 168 ஆம் வகை, வட ஐரோப்பியக் கிளைப்பாதைகளில் நன்கு அறிமுகமானது. அந்நிறுவனம் 2011 ஆம் ஆண்டு வங்குரோத்து நிலையை அடைந்தது. நெதர்லாந்தின் டாமன் நிறுவனம் தனது நியமக் கப்பல்களின் பெயரிலேயே அவை சுமக்கும் தொன்களைக் குறித்து, கொம்பி பிரைட்டர் 3850 என்பது போன்று வழங்குகிறது.

இதன் நன்மைகளை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. வரைபடச் செலவு பல கப்பல்களுக்குப் பகிரப்படுகிறது. உதிரிப்பாகங்கள் இலகுவில் கிடைக்கின்றன. ஒரு கப்பலில் பழகிய மாலுமி அதே வகையைச் சேர்ந்த மற்றொன்றில் இருட்டிலும் வழி தெரிந்து நடப்பார். ஆனால் வரைபடத்தில் உள்ள தவறும் அதே எண்ணிக்கையில் பெருகும் என்பது மறக்கப்படக்கூடாது. லிபேர்ட்டிக் கப்பல்களில் சரக்கறை வாய்களின் சதுர மூலைகள் விரிசல்களின் தொடக்க இடங்களாயின. ஒரு கப்பலில் தெரிந்த குறை நூற்றுக்கணக்கான கப்பல்களில் காத்திருந்தது. அவ்வாறே, ஒரு நியம வரைபடத்தில் மாலுமியின் அறை ஒடுக்கமாக வரையப்பட்டால், அத்தொடரின் ஒவ்வொரு கப்பலிலும் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு அது ஒடுக்கமாகவே இருக்கும்.

ஒரு கொள்கலன் அளவு இடம்

சர்வதேசத் தொழில் அமைப்பின் கடற்றொழிலாளர் சமவாயம் 2006 ஆம் ஆண்டு நிறைவேறி, 2013 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமுலுக்கு வந்தது. மாலுமி ஒருவரின் தனியறைக்கு அது விதிக்கும் குறைந்தபட்சத் தரைப்பரப்பு, 10,000 தொன்னளவும் அதற்கு மேற்பட்ட கப்பல்களில் 7 சதுர மீற்றர். 3,000 முதல் 10,000 வரை 5.5 சதுர மீற்றர். 3,000 இற்குக் குறைந்த கப்பல்களில் 4.5 சதுர மீற்றர் மட்டுமே. இச்சிறிய கப்பல்களில் தனியறை வழங்குவதிலிருந்தும் விலக்களிக்க அந்தந்த நாட்டின் அதிகாரிகளுக்கு இடமுண்டு. மேலும், சமவாயம் ஒரு நாட்டில் அமுலுக்கு வருமுன் கட்டப்பட்ட கப்பல்களுக்கு இப்புதிய அளவுகள் பொருந்தா.

இங்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். 2,999 தொன்னளவுடைய கப்பலொன்றில் எட்டுப் பேர் பணியாற்றுவதாகக் கொள்வோம். ஒவ்வொருவரின் அறையையும் 4.5 சதுர மீற்றரிலிருந்து பெரிய கப்பல்களின் 7 சதுர மீற்றருக்கு உயர்த்தினால், தலைக்கு 2.5 சதுர மீற்றர் கூடும். சமவாயம் கோரும் குறைந்தபட்ச உயரமான 2.03 மீற்றரால் பெருக்கினால், எட்டு அறைகளுக்கும் சேர்த்து நாற்பது கன மீற்றருக்குச் சற்று அதிகம். ஒரேயொரு இருபதடிக் கொள்கலன் அடைக்கும் இடம் 38 கன மீற்றர். அதாவது கப்பலின் எல்லா மாலுமிகளும் பெருங்கப்பல் மாலுமிகளைப் போன்று வாழத் தேவைப்படும் மேலதிக இடம், ஏறத்தாழ ஒரு சிறிய கொள்கலனின் அளவேயாகும்.

ஆயினும் விதி இவ்விரண்டையும் ஒரே கண்ணால் நோக்குவதில்லை. கொள்கலனைத் திறந்த தளத்தில் வைத்தால் தொன்னளவு சற்றும் கூடாது. அறைகளை விரித்தாலோ ஏறத்தாழ 12 தொன்னளவு கூடும். 2,999 என்பது 3,011 ஆகும். எல்லைக்கோடு தாண்டப்படும். இரண்டாவது ராடரும் பதிவுக் கருவியும் உயர்தரச் சான்றிதழும் பின்தொடரும். கூலியை ஈட்டித் தரும் பெட்டிக்கு விலக்கும், மனிதன் உறங்கும் பெட்டிக்கு வரியும் என்ற இம்முரண்பாடு எவரும் திட்டமிட்டுச் செய்த கொடுமையன்று. ஆனால் அதன் விளைவு திட்டமிட்ட கொடுமையிலிருந்து வேறுபட்டதாகவும் இல்லை.

பாதுகாப்பின் நிலையும் இதுவே. கப்பலின் உடல் நீர்மட்டத்திற்கு மேல் உயர்ந்திருந்தால் பேரலையில் அதற்கு மேலதிக மிதவை வலு உண்டு. ஆனால் உயர்ந்த உடல் என்பது மூடிய இடம், மூடிய இடம் என்பது தொன்னளவு. எனவே உடலைத் தாழ்வாக அமைத்துத் தளத்தின் மேல் கொள்கலன்களை உயர்த்தி அடுக்குவதே இலாபகரமான வழியாயிற்று. இதனால் ஈர்ப்பு மையம் மேலே செல்கிறது. தாழ்ந்த தளத்தை அலை இலகுவில் கழுவுகிறது. பிணைப்புகள் அறுந்து கொள்கலன்கள் கடலில் விழும் ஆபத்தும் கூடுகிறது.

உறக்கமும் ஒரு பாதுகாப்புச் சாதனம்

படுக்கையறையின் அளவு வசதி சார்ந்த விடயம் மட்டுமே எனக் கருதுவோர் பிரித்தானியக் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வை நோக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜம்போ என்ற சிறிய சரக்குக் கப்பல், துத்தநாகத் தாதுடன் ஸ்கொட்லாந்தின் சமர் தீவுகளுக்கு அருகில் தரைதட்டி மூழ்கியது. தனியே காவலில் இருந்த அதிகாரி உறங்கிவிட்டமையே காரணமாகும். இதன் பின்னர் மேற்கொள்ளப்பட்ட ஆய்வில், பரிசீலிக்கப்பட்ட தரைதட்டல்களில் மூன்றிலொரு பங்கு, இரவில் தனியே காவலிருந்த களைப்புற்ற அதிகாரியுடன் தொடர்புபட்டவை எனத் தெரியவந்தது. கப்டனும் ஒரேயொரு அதிகாரியும் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறி மாறிக் காவலிருக்கும் முறை சிறிய கப்பல்களில் பரவலாக இருந்ததே இதற்கு அடிப்படையாகும்.

மூன்றாவது அதிகாரி ஒருவரை நியமித்தால் அவருக்கும் ஓர் அறை வேண்டும். அறை வேண்டுமாயின் தொன்னளவு கூடும். பயிற்சிக்கு வரும் இளைஞனுக்கு ஒரு படுக்கை வேண்டுமென்றாலும் இதே தடைதான். சிறிய கப்பல்களில் பயிலுநர்களுக்கு இடம் ஒதுக்கத் தயக்கம் காட்டப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மாற்று வழி உண்டா?

கப்பல் உரிமையாளரின் தரப்பிலும் நியாயம் உண்டு. சிறிய கப்பலின் போட்டியாளர் மற்றைய கப்பல் மாத்திரமல்ல, பாரவூர்தியும் புகையிரதமுமாகும். கூலியில் எஞ்சும் இலாபம் சொற்பமே. ஒருவர் மட்டும் முன்வந்து விசாலமான அறைகளைக் கட்டினால் அதன் சுமையை அவர் மட்டுமே தாங்க வேண்டும். ஆகவே தனிமனித நல்லெண்ணத்தால் தீரக்கூடிய பிரச்சினை இதுவன்று. விதி மாறினாலே எல்லோரும் ஒரே நேரத்தில் மாற முடியும்.

மேல்மூடியற்ற கொள்கலன் கப்பல்கள், அவற்றின் உயர்ந்த உடல் காரணமாகத் தண்டிக்கப்படாதவாறு, அவற்றுக்குக் குறைக்கப்பட்ட தொன்னளவைப் பயன்படுத்துமாறு சர்வதேச கடல்சார் அமைப்பு பரிந்துரைத்துள்ளது. நீளம், அகலம், நீரில் அமிழும் ஆழம் என்பவற்றை அடிப்படையாகக் கொண்டு கப்பல் கடலில் பிடிக்கும் இடத்தை அளக்கும் யோசனையை அவுஸ்திரேலியா முன்வைத்தது. அவ்வாறாயின் மேல்தளத்தின் மீதான வசிப்பிடத்தை விரிவாக்குவோருக்குத் தண்டனை இராது. எனினும் 1969 ஆம் ஆண்டுச் சமவாயத்தின் அடிப்படை மாறவில்லை. எமது கருத்தில், முழுச் சமவாயத்தையும் மாற்றக் காத்திராமல், மாலுமிகளினதும் பயிலுநர்களினதும் வசிப்பிடத்தை எல்லைக்கோட்டுக் கணக்கிலிருந்து விலக்கினாலே பெரும் பயன் கிட்டும்.

எமக்கும் உரிய விடயம்

இலங்கைத் தீவுக்கு இது அந்நியமான விடயமன்று. கொழும்புத் துறைமுகத்தின் வருவாயில் பெரும்பகுதி, பெருங்கப்பல்களிலிருந்து இறங்கும் கொள்கலன்களைச் சிட்டகொங், தூத்துக்குடி, மாலைதீவு போன்ற இடங்களுக்குக் கொண்டு செல்லும் கிளைக் கப்பல்களில் தங்கியுள்ளது. 2006 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஏ-9 வீதி மூடப்பட்டதன் பின்னர், யாழ்.குடாநாட்டு மக்களின் உணவும் மருந்தும் காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் வந்த கப்பல்களையே நம்பியிருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. சிறிய கப்பல் ஒன்றின் வருகை ஒரு சமூகத்தின் உயிர்நாடியாக முடியும் என்பதை எமது மக்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள்.

அத்துடன் வடக்கு, கிழக்கு, தெற்கு என்ற பேதமின்றித் தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்கள் கடற்றொழிலை நாடி வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறுகின்றனர். இலங்கை 2017 ஆம் ஆண்டில் கடற்றொழிலாளர் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. இலங்கைக் கொடியின் கீழ் பதிவாகும் புதிய சிறிய கப்பல்களுக்குத் தனியறை விலக்கை வழங்காதிருப்பது எமது அதிகாரிகளின் கையில் உள்ளது. பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பும் பெற்றோரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. கப்பலின் தொன்னளவு என்ன, அது கட்டப்பட்ட ஆண்டு எது, தனியறை உண்டா, காவலுக்கு எத்தனை அதிகாரிகள் உள்ளனர் என்ற நான்கு கேள்விகளையும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் முகவரிடம் கேட்பது அவசியமாகும்.

கப்பலை அளப்பதற்கு அளவுகோல் வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் அவ்வளவுகோல் எதனைக் கணக்கில் சேர்க்கிறதோ அதுவே குறுகும், எதனை விட்டுவிடுகிறதோ அதுவே வளரும் என்பதற்கு இரண்டரை நூற்றாண்டு கால வரலாறு சான்றாக நிற்கிறது. ஒரு காலத்தில் கப்பலின் ஆழம் கணக்கிலிருந்து விடப்பட்டது, கப்பல்கள் ஆழமாயின. இன்று தளத்தின் மேலுள்ள சரக்கு விடப்பட்டுள்ளது, அது உயர்ந்துகொண்டே செல்கிறது. மாலுமியின் அறையை ஒருமுறை கணக்கிலிருந்து விட்டுப் பார்ப்பதற்குத் தேவைப்படுவது, எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு கொள்கலன் அளவு இடம் மாத்திரமே.